படகில் ஏறிய தீட்டு

எங்கள் குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் என்பது ரகசியமே கிடையாது. அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். விடிகாலையில் படகுகள் கரை ஏறும்போது, அலை ஓரத்தில் கூடையோடு நிற்பவர்கள் சுத்தமானவர்கள். அங்கிருந்து தள்ளி, சவுக்குத் தோப்பின் ஓரத்தில் தனியாக நிற்பவள் 'தூரம்'. அந்த நாட்களில் அவள் படகைத் தொடக்கூடாது, வலையைத் தாண்டக்கூடாது, கடலுக்குப் போகிற ஆளுக்கு எதிரே வரக்கூடாது. மீறினால் தீட்டு. மீன் படாது. கடலுக்கு அடியில் திரிகிற மீனுக்குக் கடப்பாக்கத்துப் பெண்களின் மாதக் கணக்கு தெரியும் என்று மனதார நம்புகிறவர்கள் எங்கள் ஆண்கள். கையில் ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறார்கள், செல்போனில் காற்றின் வேகம் பார்க்கிறார்கள், ஆனால் இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

நான் அந்தக் கரையில் பிறந்து, படித்து, தப்பித்துப் போனவள். இப்போது செங்கல்பட்டில் வீடு, சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. என் அக்கா தப்பிக்கவில்லை. அதே குப்பத்தில் ஒரு படகுக்காரரைக் கட்டிக்கொண்டு, கடப்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். அவள் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். கோவில் கோவிலாக ஏறி இறங்கி, ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் அவர்களுக்கு. நான் சொல்லப்போவது நடந்தபோது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு மாதவிடாய் நின்று ஒரு வருஷம் முடிந்ததும், ஆபீசில் இருந்த எனக்குப் போன் செய்தாள். ஏதோ லாட்டரி விழுந்த குரல்.

"நின்னு போச்சுடி. சுத்தமா நின்னு போச்சு. இனிமே என்ன எவனும் தோப்பாண்ட போயி நில்லுன்னு சொல்ல முடியாது."

மற்ற பெண்களுக்கு அது நின்றால் வயதாகிவிட்டதே என்று கவலை வரும். என் அக்காவுக்குப் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷம். மறுநாளிலிருந்து படகு மணலில் முட்டும்போதே முதல் ஆளாகப் போய் நின்றாளாம். உள்ளே கைவிட்டு மீனைப் புரட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஏலம் விடுகிறவனோடு மல்லுக்கட்டி, நல்ல மீனாகப் பார்த்து வாரிக்கொண்டு போனாளாம். அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சொந்தப் புருஷனின் படகை நாள் கணக்குப் பார்க்காமல் தொடுவதற்கு ஒரு பெண் தன் உடம்பு ஓயும்வரை காத்திருந்திருக்கிறாள்.

அடுத்த வருஷம் ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். படாளம் தாண்டி மதுராந்தகத்தில் இறங்கி, செய்யூர் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து, வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தால், கோவில் பந்தலில் அக்காவைக் காணோம். மாமா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் பெரிய மனிதராக நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா எங்க மாமா?"

"தூரம்," என்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"அவளுக்குத்தான் நின்னு போச்சே?"

"திரும்ப வந்துருச்சி. மாசிலேர்ந்து வுட்டு வுட்டு வந்துகினே கீது. அதான் இந்த வருசம் மீனே படல."

இதை அவர் ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை. கூழுக்கு வரிசையில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். மாசியிலிருந்து ஆடிவரை என் அக்கா வாரத்துக்கு வாரம் தோப்போரம் போய் நின்றதை மொத்தக் குப்பமும் பார்த்திருக்கிறது. அவளுக்கு ரத்தம் போகிறது என்று ஊரில் தெரியாத ஆள் இல்லை. அத்தனை பேரும் கூடிப் பேசிக் கவலைப்பட்டது வஞ்சிரத்தைப் பற்றி. படகுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். புது வலைக்கு மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறார்கள். நடுவில் என்ஜின் லேசாக இருமியதற்குக் கல்பாக்கத்திலிருந்து மெக்கானிக் அன்றைக்கே வந்திருக்கிறான். அக்காவுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

பெண்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்? 'உடம்பு சூடு' என்றார்கள். வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், தலையில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார்கள். எங்கள் கரையில் பெண்ணுக்கு வருகிற எல்லா நோய்க்கும் பெயர் சூடுதான். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தாலும் சூடு, வெள்ளை நாற்றம் அடித்தாலும் சூடு. நின்றுபோன ரத்தம் திரும்பி வந்தால் அது மாதவிடாய் அல்ல, ஒரு சொட்டு வந்தாலும் டாக்டரிடம் ஓட வேண்டிய விஷயம் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

தோப்போரம் போனேன். அக்கா பாதியாகியிருந்தாள்.

"டாக்டர்கிட்ட போலாம் வா," என்றேன்.

"அத போயி யாருக்குனா காட்டுவாங்களா? கருமம்."

"பெத்தப்போ காட்டலியா?"

"அது வேற. அப்ப வலி, மானம் தெரில."

மறுநாள் அவளைப் பிடித்து இழுக்காத குறையாகச் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். உள்ளே பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போதே அவர் பேச்சின் வேகம் குறைந்துவிட்டது. துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்தது. கர்ப்பப்பையின் வாயில் தொடங்கி, சுற்றியிருக்கிற இடங்களுக்கும் பரவிவிட்டது, அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது, இனி கதிர்வீச்சுதான், அதிலும் முழுசாகக் குணமாவது கடினம் என்றார் டாக்டர். எங்கள் பக்கம் அதற்குக் 'கரண்ட் வைக்கறது' என்று பெயர்.

அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"எனக்கு ஏம்மா வந்துச்சி? நான் ஒரு தப்பும் பண்ணலியே."

"இது தப்பு பண்ணி வர்ற நோய் இல்லம்மா," என்றார் டாக்டர். "ஒரு வைரஸால வர்றது. எச்.பி.வி.னு பேரு. ஆம்பள பொம்பள சேர்றப்போ ஒட்டிக்கும். குடும்பம் நடத்துற முக்காவாசிப் பேருக்கு எப்பவாவது வந்துட்டுத்தான் போகும். உடம்பே அதைத் துரத்திடும். சில பேருக்கு மட்டும் போகாம உள்ளேயே தங்கிடும். தங்கினா வருஷக்கணக்கா சத்தமில்லாம வேலை செய்யும். எப்ப வந்தது, யார்கிட்டருந்து வந்ததுன்னு தேடிட்டுப் போகாதீங்க. அதைக் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிச்சும் பிரயோஜனம் இல்ல."

டாக்டர் சொன்னதில் என்னைக் கொன்றது அந்த 'வருஷக்கணக்கா' என்ற வார்த்தைதான். முதலில் அது புற்றுநோயே அல்ல. செல்கள் மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றம் நோயாக முற்றப் பத்து வருஷம், பதினைந்து வருஷம்கூட எடுக்கிறது. அவ்வளவு நாளில் ஒரே ஒரு முறை, கொஞ்ச நேரம் படுத்து, ஒரு பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் சின்னதாக வைத்தியம் செய்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் வலி இருக்காது, ரத்தம் இருக்காது, ஒன்றுமே தெரியாது. நன்றாக இருக்கும்போதே போய்க் காட்ட வேண்டும். நாங்களோ நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால்தான் டாக்டரைப் பார்க்கிற ஜாதி.

ஊரில் விஷயம் பரவியதும் அடுத்த நாடகம் தொடங்கியது. எந்த இடத்தில் வந்த நோய் என்று தெரிந்தவுடன், "அவ மார்க்கெட்டு மார்க்கெட்டா சுத்தனவதான?" என்று ஒரு பேச்சு கிளம்பியது. வாழ்நாளெல்லாம் ஒரு ஆளைத் தவிர வேறு ஆளின் முகத்தைச் சரியாக நிமிர்ந்து பார்க்காதவள் என் அக்கா. வெளியூர்த் துறைமுகங்களில் மாதக்கணக்கில் தங்கி மீன் பிடித்தவர் மாமா. அவர் எங்கே சுற்றினார் என்று எந்த வாயும் கேட்கவில்லை. தேடாதீர்கள் என்று டாக்டர் சொன்னது இவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் இவர்கள் தேடினார்கள், அதுவும் ஒரே பக்கமாகத் தேடினார்கள்.

படிக்காதவர்கள், அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் எங்கள் சிறுசேரி ஆபீசுக்கு வர வேண்டும். அக்காவுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த நாட்களில் அங்கே மகளிர் நல வாரம் கொண்டாடினார்கள். தலைப்பு, இதே புற்றுநோய். வாசலெல்லாம் ரோஸ் நிற ரிப்பன், மார்பகப் புற்றுநோய்க்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததாம். திரையில் ஒரு டாக்டர் பேசத் தொடங்கியதும், இது லேடீஸ் விஷயம் என்று மேனேஜர்கள் நாசூக்காக எழுந்து போனார்கள். வீட்டிலிருந்து ஆன்லைனில் சேர்ந்த பெண்கள் ஒருவர் விடாமல் கேமராவை அணைத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு யாராவது போயிருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. கடைசியில் ஒருத்தி, இதற்கு டயட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு எல்லோருக்கும் ரோஸ் கிரீம் வைத்த கேக் கொடுத்தார்கள். எங்கள் குப்பத்தில் அக்காவைத் தோப்போரம் நிற்க வைத்தார்கள், இங்கே கேமராவை அணைத்தார்கள். வித்தியாசம் கேக்தான்.

அந்தக் கேக்கைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த வாரமே நான் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. பல் பிடுங்குவதைவிடச் சின்ன வேலை அது. இதற்கா இத்தனை பேர் இத்தனை பயந்து சாகிறார்கள் என்று கோபம்தான் வந்தது.

கடைசிக் கரண்ட் வைத்த அன்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"ஒண்ணு கீதும்மா. எட்டாவது படிக்குது."

"அவளுக்குத் தடுப்பூசி போட்ருங்க. ஒன்பது வயசுலேர்ந்து பதினாலுக்குள்ள போட்டா ரொம்ப நல்லா வேலை செய்யும். அந்த வைரஸ் உடம்புல நுழையறதுக்கு முன்னாடியே போடணும். இந்த வயசுக்கு ரெண்டு ஊசி, ஆறு மாச இடைவெளி."

"அப்ப எனக்கு வந்தது அவளுக்கு வராதா?"

"இந்த நோயை உண்டாக்குற முக்கியமான வைரஸ் வகைகளை அது தடுத்துடும். ஊசி போட்டாலும் முப்பது வயசுலேர்ந்து பரிசோதனைக்கு வரணும், அதை மட்டும் அவகிட்ட சொல்லி வைங்க."

அன்று பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். செய்யூர் வந்ததும், "எனக்கு இனிமே ஆவப்போறது ஒண்ணும் இல்ல. இவளுக்கு அத போட்ரணும்," என்றாள்.

மாமாவிடம் சொன்னோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்தார்.

"கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு அந்த எடத்து வியாதிக்கு ஊசியா? என் பொண்ண இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க?"

"தட்டம்மைக்கு ஊசி போட்டீங்களே, அப்போ அவளுக்குத் தட்டம்மையா இருந்துச்சி?" என்று கேட்டேன். "வர்றதுக்கு முன்னாடி போடறதுக்குப் பேருதான் மாமா தடுப்பூசி."

மாமா அடுத்த ஆயுதத்தை எடுத்தார். அவள் இன்னும் வயசுக்கே வரவில்லையாம், வந்த பிறகு பார்க்கலாமாம். கர்ப்பப்பையே இன்னும் திறப்பு விழா காணவில்லை, அதற்குள் என்ன ஊசி என்பது போன்ற ஒரு ஞானம். இந்த வயதுதான் சரியான வயது என்று சொன்னேன். உடனே செல்போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்ட யாரோ ஒருவர், இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, இது வெளிநாட்டுச் சதி என்று முழங்கினார். பின்னணியில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. சட்னி அரைக்கிற நேரத்தில் உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் இவர்கள். மனைவியின் உள்ளே கைவிட்டுப் பார்த்த டாக்டரின் பேச்சு மாமாவுக்கு நம்பிக்கையில்லை, மிக்சி டாக்டரின் பேச்சு வேத வாக்கு.

கடைசியாக உண்மையான காரணம் வெளியே வந்தது.

"ஊர்ல இன்னா பேசுவாங்க? அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் கீதுன்னு பேசுவாங்க. நாளைக்கு எவன் கட்டுவான்? பேஜாரு புடிச்ச வேல. மொதல்ல மஞ்சத்தண்ணி முடியட்டும், அப்பறம் பாக்கலாம்."

பெண் வயசுக்கு வருவதற்கு முன்பே அந்தச் சடங்குக்கு வைக்கப்போகிற பேனரில் தான் எந்தப் போட்டோவில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர் அவர். கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ.

"நானே அவளக் கூட்டிகினு போயி போட்டுட்டு வந்துர்றேன். அவருக்குச் சொல்லவே வேணாம்," என்று அக்காவிடம் கிசுகிசுத்தேன். மதுராந்தகத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனில் பேசி, ஊசி இருக்கிறதா என்று கேட்டும் வைத்திருந்தேன்.

"வேணாம்," என்றாள் அக்கா. "திருட்டுத்தனமா போட்டா, அவளுக்குத் தலவலி வந்தாகூட ஊசியாலன்னுவான். அப்பறம் ரெண்டாவது ஊசிய நீ எப்படிப் போடுவ? அப்ப நான் இருக்க மாட்டேன், அவன்தான் இருப்பான். அவனே கூட்டிகினு போவணும்."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. நாளைக்கு எத்தனை கூடை ஏற்றுவது என்று பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம், மாமாவும் கூட வருகிற ஆட்களும் படகைத் தள்ளுவதற்குத் தயாராக நின்றார்கள். அக்கா என்னை எழுப்பி, கொஞ்சம் கை கொடுத்து நடத்திப் போ என்றாள். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோப்பின் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். நேராகப் படகுக்குப் போனாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். என்ஜினுக்குப் பக்கத்துப் பலகையில், வலைக்குவியல்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், இன்னா பண்ற? எறங்கு!" என்றார் மாமா.

"எனக்கு இன்னும் ரத்தம் வந்துகினுதான் கீது," என்றாள் அக்கா. கரையில் நின்ற எல்லா ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி, ஏலம் கூவுகிற குரலில் சொன்னாள். "பொண்ண இட்டுனு போயி ஊசி போட்டுட்டு வா. வந்து அவ கைய காட்டு. எறங்கறேன்."

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அத்தனை ஆம்பளைகள். கடலில் புரண்ட படகை நிமிர்த்துகிறவர்கள். நோயில் இளைத்துப்போன ஒரு பெண்ணை ஒற்றைக் கையில் தூக்கி மணலில் வைத்துவிட முடியும். ஒருவரும் கிட்டே வரவில்லை. தொட்டால் அவர்களுக்கும் தீட்டு ஒட்டிக்கொள்ளும் அல்லவா? எந்தத் தீட்டைச் சொல்லி அவளை இத்தனை வருஷம் துரத்தினார்களோ, அந்தத் தீட்டே அவளைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டு நின்றது.

"அண்ணி, எறங்கு அண்ணி. கடலுக்கு நேரமாவுது," என்று ஒருவன் தூரத்தில் நின்று கெஞ்சினான்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

மாமா கத்தினார். கெட்ட வார்த்தை பேசினார். குடும்ப மானம் என்றார், அம்மன் என்றார். அக்கா வலையில் ஒட்டியிருந்த பாசியைக் கிள்ளிக் கிள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற படகுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. போகிறவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. கூடையோடு வந்த பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அக்காவைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியவர்களும் அதில் இருந்தார்கள். ஒருத்தி குடை கொண்டுவந்தாள். ஆனால் படகைத் தொடப் பயம், ஒரு துடுப்பின் முனையில் குடையைக் கட்டி வெளியே நின்றபடியே நீட்டிப் பிடித்தாள். இரக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊர் அப்படி.

கடைசியில் மாமா வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெண்ணைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, நான் சொன்ன மதுராந்தகத்து டாக்டரிடம் போனார். புழுதி பறக்கப் போனார். அக்கா அப்போதும் இறங்கவில்லை. டீயை வாங்கிக் குடித்தாள். பலகையைத் தடவிக்கொடுத்தாள். "இந்த போட்டுக்கு என் வளையலும் போயிருக்குதுடி," என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

குடை பிடித்த பெண் என் பக்கம் நகர்ந்து, உதடு அசையாமல் பேசினாள்.

"எனக்கும் வூட்டுக்காரர் கிட்ட வந்தா ரத்தம் வருது. அதுவும் சூடுதான?"

"சூடு இல்ல, செங்கல்பட்டுக்கு வா," என்றேன். அடுத்த வாரமே வந்தாள். அவளுக்குச் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, இன்னும் நோயாகவில்லை. அன்றைக்கே வைத்தியம் செய்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கோவிலுக்குப் போனேன் என்று சொல்லிக்கொண்டாளாம். இன்றைக்கும் கடப்பாக்கம் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்கிறாள். என்னைப் பார்த்தால் தெரியாத மாதிரி இருந்துவிட்டு, ஒரு கை நெத்திலியைக் கூடுதலாக அள்ளிப் போடுவாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது பைக் திரும்பி வந்தது. பெண் இறங்கி ஓடிவந்து, சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். சின்னதாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள் அக்கா.

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சி. அப்பாதான் ஊசியப் பாத்து மயக்கம் போட்டுட்டாரு. நர்ஸ் அக்கா தண்ணி தெளிச்சி எழுப்புனாங்க."

கரை முழுவதும் சிரித்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மாமா யார் முகத்தையும் பார்க்காமல், மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிப் படகைக் கழுவினார். சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கினார். மறுநாள் படகு நிறைய மீன் பட்டது. மீன் படாத நாளுக்கெல்லாம் காரணம் என் அக்கா, மீன் பட்ட நாளுக்குக் காரணம் மஞ்சள் தண்ணீர்.

தை மாதம் பெண் வயசுக்கு வந்தாள். மாமா கூலிங் கிளாஸ் பேனரோடு மஞ்சள் நீராட்டு விழா நடத்தினார். அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். அன்றிலிருந்து பெண்ணுக்கும் மாதாமாதம் தோப்போரம் ஓர் இடம் கிடைத்தது. பங்குனியில் அக்கா போய்விட்டாள். தூக்கிக்கொண்டு போனபோது மாமா மணலில் விழுந்து புரண்டு அழுதார். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழுகையில் பாதியை முந்தைய வருஷம் மாசியிலேயே அழுதிருந்தால் அவள் இருந்திருப்பாளோ என்ற எண்ணத்தோடுதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சித்திரை முடிகிற நேரத்தில் இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தது. போன் செய்து ஞாபகப்படுத்தினேன். இப்போது பெரிய விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், சின்னப் படகுக்கு மீன் நன்றாகப் படுகிற நேரம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் மாமா. அக்கா படகில் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு 'பார்க்கலாம்' என்ற வார்த்தையில் கரைந்துபோகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டிய மட்டும் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போய்ச் சண்டை போடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. மறுநாள் காலை திருப்போரூர் தாண்டி ஆபீஸ் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது மாமாவே கூப்பிட்டார். பின்னால் அலைச் சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம்.

"உங்கக்கா பொண்ணு போட்ல ஏறி ஒக்காந்துகினு கீது. தூரமாம். எறங்க மாட்டேன்னுது. நீ கொஞ்சம் சொல்லும்மா."

"நான் இன்னா சொல்றது மாமா? சட்டைய மாட்டிகினு கெளம்புங்க. ஊசி போடறப்போ மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க," என்றேன்.

வண்டியில் என்னோடு வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

மத்தியானம் அவள் பேசினாள். ஊசி போட்டாகிவிட்டது, முப்பது வயதிலிருந்து பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அந்த நர்ஸ் அக்காவும் சொன்னார்கள், அப்பா இந்தத் தடவை வெளியிலேயே நின்றுகொண்டார் என்றாள். அவளுக்கு அந்த வாரம் நாள் இல்லையே என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டே விட்டேன்.

"ஏண்டி, நெசமாவே தூரமா இருந்தியா?"

"இல்ல சித்தி," என்றாள். "அவங்களுக்கு இன்னா தெரியும்?"